624-இல் தொடங்கும் ஊர்கள்

திண்டுக்கல்லில் பூட்டு விற்கும் ஒரு கடை இணையத்திலும் விற்க முடிவுசெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாவட்டத்துக்குள் அனுப்பக் கட்டணம் கிடையாது. வெளியூர் என்றால் உண்டு. வாங்குபவர் நிரப்பும் முகவரிப் படிவத்தில் பின்கோடு இருக்கிறது. திண்டுக்கல் தலைமை அஞ்சலகத்துக்கு 624001. வத்தலக்குண்டு 624202, நிலக்கோட்டை 624208, நத்தம் 624401, பழனி 624601, வேடசந்தூர் 624710. எல்லாமே 624-இல் தொடங்குகின்றன. நிரல் எழுதுபவருக்கு ஒரு வரி வேலைதான்: எழுதப்பட்டிருப்பது 624-இல் தொடங்குகிறதா? ஆம் என்றால் கட்டணம் பூஜ்யம்.

ஒரு வலைப்பக்கத்தில் பொருள் வாங்கி முடிப்பதற்குள் இதே கேள்வி பல வடிவங்களில் வந்துபோகிறது. கைபேசி எண் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில் தொடங்குகிறதா? ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக்குரிய 33-இல் தொடங்குகிறதா? தேடல் பெட்டியில் தட்டிய இரண்டு எழுத்தில் எந்தெந்த ஊர்ப் பெயர்கள் தொடங்குகின்றன? பணம் கட்ட அழைத்துப்போகும் இணைப்பு, வங்கியின் முகவரியில் தொடங்குகிறதா?

கேள்வி எளிது. ஆனால் அதன் பதிலை நம்புவதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். கணினி எதை ஓர் எழுத்து என்று எண்ணுகிறது? முன்னொட்டு எங்கே முடிகிறது? அந்த முன்னொட்டுக்கு இந்தப் பொருளைக் கொடுத்தது யார், எப்போது? இந்த மூன்றில் ஒன்றை மறந்தாலும் சரியாக எழுதப்பட்ட நிரலே தவறான பதிலைச் சொல்லும்.

இடமிருந்து வலம்

கணினிக்கு எழுத்துகளின் வரிசை ஒரு சரம். 624401 என்ற சரம் 624-இல் தொடங்குகிறதா என்று கேட்டால், அது ஆறு இலக்கங்களையும் ஒரே பார்வையில் பார்ப்பதில்லை. இடப்பக்க முனையிலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிடுகிறது. 6-க்கு 6, 2-க்கு 2, 4-க்கு 4. கேட்ட முன்னொட்டு தீர்ந்துவிட்டது, முரண் ஒன்றும் இல்லை, ஆகவே ஆம். மீதி 401 என்னவென்று பார்க்கவே இல்லை. மதுரையின் 625001 வந்தால் மூன்றாம் இடத்தில் 4-ம் 5-ம் மோதும். அங்கேயே நின்று இல்லை என்று சொல்லிவிடும்.

சரம் ஆறு இலக்கமானாலும் ஆறு லட்சம் எழுத்தானாலும் வேலை முன்னொட்டின் நீளத்துக்கு மேல் போகாது. இன்னொரு விளைவு கொஞ்சம் வேடிக்கையானது. முன்னொட்டு காலியாக இருந்தால்? ஒப்பிட ஒன்றும் இல்லை, மோத ஒன்றும் இல்லை, எனவே பதில் ஆம். எல்லாச் சரமும் வெற்றுச் சரத்தில்தான் தொடங்குகிறது. தேடல் பெட்டியை அழித்தவுடன் பட்டியலில் எல்லா ஊரும் திரும்ப வந்து நிற்பது இதனால்தான். கடைக்காரர் அமைப்புப் பக்கத்தில் 624 என்று போட வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டால் காஷ்மீர் வரைக்கும் இலவசமாகப் பார்சல் போவதும் இதனால்தான்.

இவ்வளவு சாதாரணமான கேள்விக்கு வலை மொழிகள் நெடுநாள் நேரான வழி வைக்கவில்லை. நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காக பிரெண்டன் ஐக் 1995-இல் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்டில் ‘எங்கே இருக்கிறது’ என்று கேட்கும் இண்டெக்ஸ்ஆஃப்தான் வழக்கமான வழியாக இருந்தது. கணினி இடங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். எனவே பதில் 0 என்றால் தொடக்கத்தில் இருக்கிறது என்று பொருள், எங்குமே இல்லை என்றால் பதில் -1. வேலை நடக்கும், ஆனால் வீண் உழைப்பு. முதல் எழுத்திலேயே பொருந்தவில்லை என்று தெரிந்தாலும், வேறெங்காவது கிடைக்கும் வரை அல்லது சரத்தின் கடைசி வரை தேடிவிட்டுத்தான் திரும்பும்.

பிஎச்பி மொழியில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஸ்டிர்பாஸ் என்ற கட்டளை, தேடியது முதலிலேயே இருந்தால் 0 என்று சொல்லும், இல்லவே இல்லை என்றால் ‘பொய்’ என்று சொல்லும். இரண்டு சமக்குறி போட்டு ஒப்பிட்டால் அந்த மொழி 0-வையும் பொய்யையும் ஒன்றாகவே கருதும். அதாவது ‘தொடக்கத்திலேயே இருக்கிறது’ என்பதும் ‘எங்குமே இல்லை’ என்பதும் ஒரே பதில். மூன்று சமக்குறி போட்டால்தான் வேறுபாடு தெரியும். ஒரு சமக்குறி குறைந்ததால் 624 எந்த இடத்திலும் வராத முகவரிகளும் 624-இல் தொடங்குவதாகக் கணக்கில் சேர்ந்துவிடும். பிஎச்பி கையேடே இதைப் பற்றித் தனியாக எச்சரிக்கிறது.

2015 ஜூனில் வந்த ஜாவாஸ்கிரிப்டின் ஆறாம் பதிப்பு ஸ்டார்ட்ஸ்வித் என்ற கட்டளையைக் கொடுத்தது. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான் பதில். பிஎச்பிக்கு அதே வசதி 2020 நவம்பரில், எட்டாம் பதிப்பில் வந்தது. கருவி கிடைத்துவிட்டது. இனி சிக்கல், எதன் மேல் அதைப் பிரயோகிக்கிறோம் என்பதில்.

எங்கே முடிகிறது?

திண்டுக்கல்லின் எஸ்டிடி குறியீடு 0451. இதை விரிதாளில் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் 451 என்று சுருங்கிவிடும். எண்ணுக்கு முன்னால் வரும் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இது கூட்டிக் கழிக்கும் எண் அல்ல. இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். பின்கோடு, தொலைபேசி எண், கணக்கு எண் எல்லாமே அப்படித்தான். எண்ணாகச் சேமித்துவிட்டு ‘0451-இல் தொடங்குகிறதா’ என்று கேட்டால், திண்டுக்கல்லில் ஒரு தொலைபேசிகூட இல்லை என்றே பதில் வரும்.

இந்தக் குறியீடுகளின் அமைப்பு ரசிக்கத்தக்கது. திண்டுக்கல் 0451, மதுரை 0452. கொடைக்கானல் 04542, வத்தலக்குண்டு 04543, நத்தம் 04544, பழனி 04545. வேடசந்தூர் 04551, ஒட்டன்சத்திரம் 04553. சிலவற்றுக்கு நான்கு இலக்கம், சிலவற்றுக்கு ஐந்து. இடைவெளியோ கோடோ இல்லாமல் எண்களை வரிசையாகச் சுழற்றினால், ஊர்க் குறியீடு எங்கே முடிந்து வீட்டு எண் எங்கே தொடங்குகிறது என்று தொலைபேசி நிலையத்துக்கு எப்படித் தெரியும்?

பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். எந்த ஊரின் முழுக் குறியீடும் வேறு ஊரின் குறியீட்டுக்குத் தொடக்கமாக இல்லை. 045 வந்ததும் இயந்திரம் காத்திருக்கும். அடுத்து 1 வந்தால் முடிந்தது. அது திண்டுக்கல், மீதி ஏழு இலக்கம் வீட்டு எண். 4 வந்தால் இன்னொன்றுக்குக் காத்திருக்கும். அது 5 என்றால் பழனி, மீதி ஆறு இலக்கம். 04513 என்று ஓர் ஊருக்குக் குறியீடு கொடுத்திருந்தால் இந்த ஏற்பாடே குலைந்திருக்கும். ஒன்று இன்னொன்றின் முன்னொட்டாக அமையாத இத்தகைய தொகுப்பை முன்னொட்டில்லாக் குறியீடு என்கிறார்கள். டேவிட் ஹஃப்மன் 1952-இல் வெளியிட்ட சுருக்கமுறை இந்தப் பண்பை நம்பித்தான் நிற்கிறது. கைபேசியில் எடுக்கும் படங்களைச் சுருக்கும் ஜேபெக் முறையிலும் அது இருக்கிறது.

ரயில்வேயின் நிலையக் குறியீடுகளுக்கு இந்தப் பண்பு கிடையாது. திண்டுக்கல் சந்திப்புக்கு டிஜி. மேற்கு வங்கத்தின் துர்காபூருக்கு டிஜிஆர், கடற்கரை ஊரான திகாவுக்கு டிஜிஎச்ஏ. டிஜி என்பது மற்ற இரண்டுக்கும் முன்னொட்டு. பயணச்சீட்டுப் பக்கத்தில் ‘டிஜி-யில் தொடங்குகிறதா’ என்று மட்டும் கேட்கும் நிரல், திண்டுக்கல்லோடு இரண்டு வங்காள நிலையங்களையும் சேர்த்து அள்ளும். தேடும் நேரத்தில் அது வசதி, தேர்வுசெய்து முடித்த பிறகு அது பிழை. தேடலுக்கு முன்னொட்டு, உறுதிசெய்வதற்கு முழுச் சமம் என்று இரண்டையும் பிரித்துவைக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கான குறியீடுகளை ஒவ்வொன்றாக ஒப்பிடாமல் தேடவும் இந்தத் தொடக்கப் பொதுமையே வழி காட்டுகிறது. 045 வரை எல்லாருக்கும் ஒரே தண்டு. அங்கிருந்து 1, 2, 4, 5 என்று கிளை. 4-லிருந்து மறுபடியும் கிளை. ரெனே டி லா பிரியாண்டே 1959-இல் விவரித்த இந்த மரத்துக்கு அடுத்த ஆண்டு எட்வர்ட் ஃபிரெட்கின் ‘ட்ரை’ என்று பெயர் வைத்தார். தட்டத் தட்டப் பட்டியல் சுருங்கும் தேடல் பெட்டிகளில் இத்தகைய மரங்கள் உண்டு. இணையத்தின் பொதிகளை வழியனுப்பும் திசைவிகளும் முகவரியின் மிக நீளமாகப் பொருந்தும் முன்னொட்டைத்தான் தேடுகின்றன.

முன்னொட்டுக்கும் வயதாகும்

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த முறை. முதல் இலக்கம் நாட்டின் மண்டலம். 6 என்றால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி, லட்சத்தீவு. இரண்டாவது உள்மண்டலம், மூன்றாவது தபால் பிரிக்கும் மாவட்டம், கடைசி மூன்றும் அஞ்சலகம். ஊர்ப் பெயர் படிக்கத் தெரியாத மாநிலத்திலும் தபாலைச் சரியான பையில் போட முதல் மூன்று இலக்கம் போதும்.

‘தபால் பிரிக்கும் மாவட்டம்’ என்பதைக் கவனியுங்கள். அது ஆட்சியர் இருக்கும் மாவட்டம் அல்ல. 1972-இல் திண்டுக்கல் மாவட்டமே கிடையாது. மதுரையிலிருந்து அது பிரிந்தது 1985 செப்டம்பரில். தேனி மாவட்டம் 1996-இல் பிரிந்தது. தேனியின் பின்கோடு 625531, போடிநாயக்கனூர் 625513, கம்பம் 625516. மாவட்டம் வேறானாலும் இன்றும் மதுரையின் 625-இல்தான் தொடங்குகின்றன. ‘625 என்றால் மதுரை மாவட்டம்’ என்று எழுதிய நிரல் கம்பத்தை மதுரையில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நம் பூட்டுக் கடையின் ஒற்றை வரி நிரலிலும் இதே ஊகம் ஒளிந்திருக்கிறது: 624 என்பதும் மாவட்டம் என்பதும் ஒன்று என்கிற ஊகம். தபால் துறை அப்படி ஒரு வாக்குறுதி கொடுக்கவில்லை.

கைபேசி எண்களிலும் இதே கதை. 9443-இல் தொடங்கினால் தமிழ்நாட்டு பிஎஸ்என்எல் என்று ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ரீசார்ஜ் தளங்கள் முதல் நான்கு இலக்கத்தைப் பார்த்தே நிறுவனத்தை ஊகித்துக் காட்டின. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதும் வந்தது. அன்றிலிருந்து 9443 என்பது அந்த எண் முதலில் எந்த நிறுவனத்தில் பிறந்தது என்பதை மட்டும் சொல்கிறது. இப்போது எங்கே வாழ்கிறது என்பதை அதால் சொல்ல முடியாது.

வண்டி எண்ணைப் பாருங்கள். திண்டுக்கல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு டிஎன் 57. இந்திய வாகன எண் என்றால் இரண்டு எழுத்தில் தொடங்கும் என்று எத்தனையோ படிவங்கள் விதி வைத்திருந்தன. 2021-இல் பிஎச் வரிசை வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகிப் போகிறவர்களுக்கான அந்த எண் 22 பிஎச் என்பதுபோல ஆண்டின் இரண்டு இலக்கத்தில் தொடங்குகிறது. விதி எழுதிய நாளில் சரி. வெளியுலகம் மாறிய நாளில் தவறு. நிரலில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

தமிழில் முதல் எழுத்து எது?

‘திண்டுக்கல்’ எந்த எழுத்தில் தொடங்குகிறது? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ‘தி’ என்று சொல்லும். கணினி ‘த’ என்று சொல்லும்.

யூனிகோட் தரத்தில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கிடையாது. அகரமேறிய மெய்க்கு ஓர் எண், அதன் பின் வரும் குறிக்கு ஓர் எண். த-வுக்கு 2980, இகரக் குறிக்கு 3007. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் திரையில் ‘தி’. புள்ளிக்கும் தனி எண் உண்டு, 3021. நாம் ஆறு எழுத்தாக எண்ணும் தி-ண்-டு-க்-க-ல், கணினியின் கணக்கில் பதினொரு குறியெண்கள்: த, இகரக் குறி, ண, புள்ளி, ட, உகரக் குறி, க, புள்ளி, க, ல, புள்ளி. ஆகவே ஸ்டார்ட்ஸ்வித்திடம் ‘திண்டுக்கல் த-வில் தொடங்குகிறதா’ என்று கேட்டால் ஆம் என்கிறது. பூட்டு ப-வில் தொடங்குகிறதா? ஆம். ‘பூட்’ என்பதில் தொடங்குகிறதா? ஆம். ‘பூட’ என்பதில்? அதற்கும் ஆம், புள்ளி வைப்பதற்கு முன்பே நிறுத்திவிட்டதால்.

இது எப்போதும் கெடுதல் அல்ல. ஊர்த் தேடல் பெட்டியில் ஒருவர் ‘வ’ தட்டுகிறார். வடமதுரை, வத்தலக்குண்டு, வேடசந்தூர் மூன்றும் வருகின்றன. அடுத்து ஏகாரம் சேர்ந்து ‘வே’ ஆனதும் வேடசந்தூர் மட்டும் நிற்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் வ-வைத் தட்டிய பிறகுதான் ஏகாரத்தைத் தட்டுகிறோம். ஆகவே குறியெண் வழியிலான ஒப்பீடு விரலின் வேகத்துக்கு இசைந்து போகிறது. எழுத்துக் கணக்கில் கறாராக இருந்தால் வேடசந்தூர்க்காரர் பாதி எழுத்தில் நிற்கும்போது அவர் ஊர் பட்டியலிலேயே இருக்காது.

ஆனால் அகராதிப் பக்கம், எழுத்து விளையாட்டு, ‘ப’ என்ற எழுத்துக்குக் கீழ் வரும் சொற்களைத் தொகுப்பது போன்ற வேலைகளில் இதே நடத்தை தவறாகிவிடும். அங்கே முதலில் சரத்தை நம் எழுத்துகளாக வெட்டிக்கொண்டு, பிறகு ஒப்பிட வேண்டும். இப்போதைய உலாவிகளில் இன்டல் செக்மென்டர் என்ற கருவி அந்த வேலையைச் செய்கிறது. திண்டுக்கல்லைக் கொடுத்தால் ஆறு துண்டு கிடைக்கும். முதல் துண்டு ‘தி’ என்று பிள்ளை சொன்ன பதிலும் வரும்.

வேறு வழியில் போயிருக்கவும் முடியும். யூனிகோடுக்கு முன் தமிழ்நாட்டில் புழங்கிய எழுத்துருக் குறியீடுகள் பல, எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தன. ‘கெ’ என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க. அந்த முறையில் கெங்குவார்பட்டி க-வில் தொடங்காது, கொம்பில் தொடங்கும். தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடை முதன்மைத் தரமாகவும் டேஸ்16 என்பதை மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. டேஸ்16-இல் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண். அங்கே ‘திண்டுக்கல் த-வில் தொடங்குகிறதா’ என்றால் இல்லை என்றே பதில் வரும். ஒரே ஊர்ப் பெயர், ஒரே கேள்வி. குறியீட்டுக்குக் குறியீடு பதில் மாறுகிறது.

இன்னும் ஒரு படி கீழே இறங்கினால் முன்னொட்டு வேறொரு வேடத்தில் நிற்கிறது. கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992 செப்டம்பரில் வடிவமைத்த யூடிஎஃப்-8 முறையில்தான் இன்று வலைப்பக்கங்கள் பெரும்பாலும் பயணம் செய்கின்றன. அதில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. 224-ஐ இரும எண்ணில் எழுதினால் 1110 என்று தொடங்கும். ‘என்னோடு சேர்த்து மூன்று பைட் ஒரு குறியெண்’ என்பதே அந்தத் தொடக்கத்தின் பொருள். எஸ்டிடி குறியீட்டில் கண்ட அதே தந்திரம்.

ஒரே உருவம், வேறு எண்

சாணார்பட்டிப் பக்கத்துக் கொசவபட்டியை எடுத்துக்கொள்வோம். ‘கொ’ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். க-வுடன் ஒகரக் குறி (3018) சேர்ப்பது ஒன்று. க-வுடன் ஒற்றைக்கொம்பு (3014), துணைக்கால் (3006) இரண்டையும் தனித்தனியே சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. ஆனால் இரண்டாம் விதத்தில் சேமித்த கொசவபட்டி, முதல் விதத்தில் தட்டிய ‘கொ’வில் தொடங்குவதில்லை. அதைவிட வினோதம், அது ‘கெ’ என்பதில் தொடங்குகிறது. இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது. மேக் கணினிகளின் பழைய கோப்பு அமைப்பு கோப்புப் பெயர்களை இப்படிப் பிரித்தே சேமித்தது.

இதற்கு மருந்து யூனிகோடே வகுத்த இயல்பாக்கம். இரு தரப்பையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கான நார்மலைஸ் கட்டளையும் ஸ்டார்ட்ஸ்வித் வந்த அதே 2015 பதிப்பில்தான் வந்தது.

எல்லா இரட்டையும் இந்த மருந்துக்குக் கட்டுப்படாது. கடைப் பெயர்ப் பலகைகளில் பாதிக்குத் தலையாக நிற்கும் ‘ஸ்ரீ’யைப் பாருங்கள். முதலில் அது ஸ (3000) என்ற எழுத்தைக் கொண்டு எழுதப்பட்டது. 2005-இல் யூனிகோட் 4.1 பதிப்பில் ஶ (2998) சேர்ந்த பிறகு அதைக் கொண்டும் எழுதலாம் என்றானது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இயல்பாக்கம் இவற்றை ஒன்றாகக் கருதாது. ‘ஔ’ என்ற ஒற்றை எழுத்தும், ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துத் தட்டிய ‘ஒள’வும் அப்படித்தான். முதல் வகை ஔவையாரைத் தேடினால் இரண்டாம் வகை ஔவையார் வரமாட்டார்.

அதற்கும் அப்பால், எழுத்து முறையே இரண்டாக இருப்பது உண்டு. அய்யலூர், ஐயலூர் இரண்டும் எழுதப்படுகின்றன. ரெட்டியார்சத்திரத்துக்கு முன்னால் இகரம் சேர்த்து எழுதுவோரும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் வத்தலக்குண்டு ‘பி’யில் தொடங்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்ற 1,018 ஊர்களுக்குத் தமிழக அரசு வெளியிட்ட ஆணை 2020 ஜூனில் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. இங்கே யூனிகோட் உதவாது. ஒவ்வொரு ஊருக்கும் அதன் மாற்றுப் பெயர்களைப் பட்டியலிட்டு வைப்பதைத் தவிர வழியில்லை.

கண்ணுக்கே தெரியாத முதல் எழுத்தும் உண்டு. விரிதாளிலிருந்து ஏற்றுமதி செய்த கோப்புகளின் தலையில் பலமுறை 65279 என்ற குறியெண் ஒட்டிக்கொண்டு வரும். இந்தக் கோப்பு எந்தக் குறியீட்டு முறையில் இருக்கிறது என்று சொல்ல வைத்த அடையாளம் அது. உருவம் இல்லை, அகலம் இல்லை. ஆனால் கோப்பின் முதல் சொல் ‘பெயர்’ என்பதில் தொடங்குகிறதா என்று கேட்டால் இல்லை என்று வரும். ஜாவாஸ்கிரிப்டில் ஓரத்து வெற்றிடத்தை வெட்டும் ட்ரிம் கட்டளை இதையும் வெட்டிவிடும். அகலமில்லா இடைவெளி எனப்படும் 8203 மட்டும் அதற்கும் தப்பிவிடும்.

தலையை மட்டும் பார்த்துக் கதவு திறந்தால்

இதுவரை பார்த்த பிழைகளில் பட்டியல் குழம்பும், பார்சல் தவறும். முன்னொட்டைப் பாதுகாப்புச் சோதனையாக வைக்கும்போது இழப்பு பெரிது.

மாவட்ட நிர்வாகத்தின் தளம் டிண்டிகுல்.நிக்.இன். ஒரு பக்கம், தன்னிடம் வரும் இணைப்பு இந்த முகவரியில் தொடங்கினால் நம்பலாம் என்று விதி வைத்திருக்கிறது. இப்போது டிண்டிகுல்.நிக்.இன்.ஏதோஒன்று.காம் என்று ஒருவர் தளம் தொடங்குகிறார். சோதனை ஆம் என்கிறது. ஆனால் இணைய முகவரியின் உரிமை வலப்பக்கத்திலிருந்து படிக்கப்படுகிறது. காம் என்பதன் கீழ் ஏதோஒன்று, அதன் கீழ் மற்றதெல்லாம். ஏதோஒன்று.காம் யாருடையதோ, அவர் அதன் இடப்பக்கத்தில் எந்தப் பெயரையும் ஒட்டிக்கொள்ளலாம். சரி, முடிவைப் பார்ப்போம் என்று ‘நிக்.இன் என்று முடிகிறதா’ எனக் கேட்டாலும் பொய்நிக்.இன் உள்ளே வந்துவிடும். முன்னால் ஒரு புள்ளியையும் சேர்த்து ‘.நிக்.இன்’ என்று கேட்டால்தான் எல்லை மூடும். டிஜி-க்கும் டிஜிஆருக்கும் நடந்த அதே கதை: எல்லைக் குறி இல்லாத முன்னொட்டு பக்கத்து மனைக்குள்ளும் நீளும். முகவரியைச் சரமாகப் பார்க்காமல், அதைப் பகுதிகளாகப் பிரிக்கும் யூஆர்எல் கருவியிடம் கொடுத்து, தளப் பெயரை மட்டும் எடுத்து ஒப்பிடுவதே முறை.

இன்னொரு ஆபத்து நுட்பமானது. முதல் முரணிலேயே நின்றுவிடுவது இந்த ஒப்பீட்டின் சிறப்பு என்று முன்பு பார்த்தோம். கடவுச்சொல்லை ஒப்பிடும்போது அதுவே ஓட்டை. முதல் எழுத்து தவறானால் பதில் உடனே வரும். முதல் மூன்று சரியானால் இம்மி அளவு தாமதமாக வரும். நேரத்தை அளக்கத் தெரிந்தவருக்கு எத்தனை எழுத்து பொருந்தியது என்று தெரிந்துவிடும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டின் ஊரில் இதை விளக்குவது எளிது. லீவர் பூட்டில் எல்லாத் தகடும் ஒரே நேரத்தில் சரியான உயரத்தில் நின்றால்தான் நாதாங்கி நகரும். ஒரு தகடு சரியான இடத்துக்கு வந்ததைக் கள்ளச்சாவிக்காரர் கையில் உணர முடிந்தால், அவர் தகடு தகடாக முன்னேறுவார்.

எட்டு ஆங்கில எழுத்துகள் கொண்ட சொல்லை முழுதாக ஊகிக்க 20,000 கோடிக்கு மேல் முயற்சிகள் தேவைப்படலாம். எழுத்தெழுத்தாக உறுதி கிடைத்தால் அதிகபட்சம் 26 பெருக்கல் 8, அதாவது 208. இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. 1970-களில் பிடிபி-10 கணினிகளில் ஓடிய டெனெக்ஸ் இயங்குதளம் இப்படித்தான் உடைந்தது. கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட அது, அடுத்த எழுத்துக்காக நினைவகத்தின் அடுத்த பக்கத்தைத் தொட்டதா இல்லையா என்பதைப் பயனர் வெளியிலிருந்தே அறிய முடிந்தது. தொட்டது என்றால் முந்தைய எழுத்து சரி. இன்றைய மொழிகளில் இதற்கென்று தனி ஒப்பீட்டுக் கட்டளைகள் உள்ளன. அவை வேண்டுமென்றே கடைசி எழுத்து வரை போய், பொருந்தினாலும் பொருந்தாவிட்டாலும் ஒரே நேரம் எடுத்துக்கொள்ளும்.

கடைக்காரருக்கு என்ன சொல்வது?

பூட்டுக் கடையின் நிரலைத் திருத்துவோம். பின்கோட்டைச் சரமாகவே வாங்கி, ஓரத்து வெற்றிடத்தை நீக்கி, ஆறு இலக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 624 என்ற ஊகத்தை எடுத்துவிட்டு, மாவட்டத்து அஞ்சலகங்களின் முழுப் பின்கோடுகளைப் பட்டியலாக வைக்க வேண்டும். ஊர்ப் பெயரை இயல்பாக்கம் செய்து, மாற்றுப் பெயர்களோடு முன்னொட்டுத் தேடலுக்கு விட வேண்டும். கைபேசி எண்ணின் தலையைப் பார்த்து நிறுவனத்தை ஊகிக்கக் கூடாது. இணைப்பைச் சரமாக ஒப்பிடக் கூடாது. கடவுச்சொல்லுக்கு அதற்குரிய ஒப்பீடு.

இத்தனைக்குப் பிறகு ஸ்டார்ட்ஸ்வித் மிஞ்சுவது ஓரிடத்தில்தான்: வாங்குபவர் ஊர்ப் பெயரைத் தட்டும் தேடல் பெட்டி. அங்கே அது தவறான பதில் சொன்னாலும் கண்முன் இருக்கும் மனிதர் அடுத்த எழுத்தைத் தட்டித் திருத்திக்கொள்வார். திருத்த ஆள் இல்லாத இடத்தில் தொடக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் நிரலை எழுதாதிருப்பதே நல்லது.